ஜான் பாயிட் டன்லப் சரிதம்

உலகத்தில் சிலருடைய பெயர் எல்லார் நாவிலும் வழங்கும். ஆயினும் அப்பெயர்க்குரியார் யாவர், எங்குப் பிறந்தார், யாது செய்தார் என்று கேட்டால் விடை கூறுவார் அரியர். சைக்கிள் டயரின் பக்கத்தில் பல்லாண்டுகளாக மக்கள் கண்டுவந்த டன்லப் என்னும் பெயரும் அத்தகையதே. அஃது ஒரு கம்பெனியின் பெயர் என்ற அளவில் நின்றுவிடுவார் பலர். ஆனால் அது முதலில் ஒரு மனிதருடைய பெயர். அம்மனிதர் இயந்திரத் தொழில் பயின்றவரும் அல்லர்; பெருஞ்செல்வரும் அல்லர்; குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் மருந்து கொடுத்துப் பிழைத்த கால்நடை வைத்தியர். அவருடைய சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம். சைக்கிள் ஏறுவார் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய அளவுக் கணக்கு ஒன்று அச்சரிதத்தோடு பிணைந்து கிடத்தலின், அதனையும் அதற்குரிய இடத்தில் விளக்குவோம்.

ஜான் பாயிட் டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5ஆம் தேதி ஸ்காத்லாந்து தேசத்தில் அயர்ஷயர் நாட்டிலுள்ள ட்ரெகார்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். எடின்பரோ நகரில் கால்நடை வைத்தியம் பயின்று தேர்ந்து, சில ஆண்டுகள் அத்தொழிலைத் தம் நாட்டிலேயே நடத்தினார். 1867இல் கடல் கடந்து அயர்லாந்துக்குச் சென்று, டவுன்பாட்ரிக் என்னும் ஊரில் குடியேறினார். பின்னர்ப் பெல்பாஸ்து நகரில் வைத்தியசாலை அமைத்தார். 1871இல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்னும் மங்கையை மணந்து ஒரு மகனையும் ஒரு மகளையும் பெற்றார். குதிரையே ஊர்தியாகவும் உழைப்பாளியாகவும் விளங்கிய அந்நாளில் கால்நடை வைத்தியர்க்கு வேலைக்குக் குறைவில்லை. ஆதலின் அவருடைய வைத்தியசாலை அயர்லாந்தில் பெரியனவாக எண்ணப்பட்டவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. நாற்பத்தேழு வயது வரையில் அவர் வாழ்க்கையில் உலகம் குறித்து வைக்கத்தக்க செய்தி வேறொன்றும் இல்லை. அடக்கமும் சிக்கனமும் உடையவர். தம் உடல்நலத்தைப் பற்றி எப்பொழுதும் கவலையுற்றவர். கையால் ஏதேனும் செய்து பார்ப்பதில் விருப்பமுள்ளவர். இவ்வளவே அறியலாகும்.

அக்காலத்துச் சைக்கிள்களின் நிலையை நாம் அறிந்தாலன்றி அவர் செய்த செயலின் அருமை புலப்படாது. முன்னுருளை ஆளுயரமும் பின்னுருளை சாண் அளவுமாக இருந்த பழைய வண்டிகள் மறையத் தொடங்கி, இரண்டு உருளைகளும் ஏறத்தாழ ஒத்து, சங்கிலியால் ஓடும் வண்டிகள் 1885ஆம் ஆண்டையொட்டித் தோன்றின. ஆனால் உருளை சிறுத்ததனால் அதிர்ச்சி மிகுந்தது. உருளையைச் சுற்றிக் கெட்டியான ரப்பர்ப் பட்டையே ஒட்டப்பட்டிருந்தது. கல் பாவிய தெருவில் அவ்வண்டியில் செல்வது, இரும்புப் பட்டையடித்த கட்டைவண்டியில் வைக்கோல் விரிக்காமல் அமர்ந்து செல்வதனையே ஒக்கும் எனலாம்.

டன்லப்பின் மகன் ஜானி அப்பொழுது பத்து வயதளவான சிறுவன். அவனுக்கு மூன்றுருளை வண்டி ஒன்று இருந்தது. பெல்பாஸ்து நகரத் தெருக்களின் கல்தளத்தில் அதனை ஓட்டியபொழுது உடல் குலுங்கி வருந்தினான். தந்தையார் சிந்தித்தார். அதிர்ச்சியைத் தாங்குதற்குக் கெட்டியான பொருளைத் தேடுதல் வீண்; மெல்லியதாய், அழுந்துவதாய், அழுந்தியவுடன் மீளுவதாய் உள்ள பொருளே வேண்டும்; அத்தகையது காற்று என்று தெளிந்தார். 1887ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மெல்லிய ரப்பர்த் தகட்டை ஒட்டிக் குழாய் ஒன்று செய்தார். அதனை மரவட்டு ஒன்றின் விளிம்பைச் சுற்றி வைத்து, மேலே துணி போர்த்து, ஆணியடித்து இறுக்கினார். காற்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினாலேயே காற்றை நிரப்பினார். பின்னர் அவ்வட்டையும், மகனுடைய வண்டியிலிருந்து கழற்றிய கெட்டி ரப்பர் உருளையையும் வைத்தியசாலையின் முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். கெட்டி ரப்பர் உருளை முற்றத்தைக் கடக்குமுன்னே தள்ளாடி விழுந்தது. காற்றடைத்த வட்டோ முற்றத்தைக் கடந்து எதிரேயிருந்த வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பி வந்தது.

இச்சோதனையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர் தேடியது மகனுடைய உடலுக்குச் சுகம். கிடைத்ததோ சுகமும் வேகமும் ஆகிய இரண்டும். கெட்டியான உருளை சிறு கல்லில் ஏறும்பொழுது வண்டியும் ஏறுவானும் ஆகிய முழுப் பாரமும் மேலெழும்பி விழவேண்டும். அவ்வாறு எழுப்புவதில் உந்துவானுடைய வலிமை கழிகின்றது. காற்றடைத்த உருளையோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு சமமாக ஓடுகின்றது. மெத்தென்று இருப்பது மெதுவாக ஓடும் என்று உலகம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணம் ஒரு வைத்தியருடைய முற்றத்தில் பொய்த்துப்போயிற்று.

1888ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி இரவு, பின்னுருளைகள் இரண்டிற்கும் காற்று டயர் பூட்டிய வண்டியைச் சிறுவன் ஓட்டிப் பார்த்தான். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் டன்லப் காப்புரிமைக்கு மனுச்செய்துகொண்டார். டிசம்பர் 7ஆம் தேதி உரிமை வழங்கப்பெற்றது. மறு ஆண்டு மே 18ஆம் தேதி பெல்பாஸ்து கல்லூரி மைதானத்தில் சைக்கிள் பந்தயம் நிகழ்ந்தது. வில்லியம் ஹியூம் என்னும் ஓட்டக்காரர், முதன்மை வீரராக எண்ணப்படாதவர், காற்று டயர் பூட்டிய வண்டியோடு களத்தில் இறங்கினார். பருத்த அவ்வுருளைகளைக் கண்டு நகைத்தார் பலர். அவர் கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் அவரே வென்றார். நகைத்தவர்கள் அடுத்த பருவத்தில் அத்தகைய டயரையே தேடலாயினர்.

அப்பந்தயத்தில் தம் மைந்தர் தோற்றதைக் கண்டு வியந்தவர் ஹார்வி டியூ கிராஸ் என்னும் டப்ளின் நகர வணிகர். அவர் டன்லப்பை அணுகி, 1889இல் டப்ளினில் கம்பெனி ஒன்று நிறுவினார். டன்லப் தம் காப்புரிமையைக் கம்பெனிக்கு ஒப்புவித்துப் பங்குதாரர் ஆயினார். 1892இல் குடும்பத்துடன் டப்ளினுக்குக் குடிபெயர்ந்தார்.

நிற்க. இங்கே அவர் வாழ்வில் பேரிடர் ஒன்று குறுக்கிட்டது. காப்புரிமை பெற்ற இரண்டு ஆண்டுகளுக்குள், அது செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. காரணம் யாதெனில், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காத்லாந்தியர் 1845ஆம் ஆண்டிலேயே, தமது இருபத்துமூன்றாம் வயதில், காற்றடைத்த உருளைக்குக் காப்புரிமை பெற்றிருந்தமையேயாம். ரப்பர் தோய்த்த துணிக்குழாயைத் தோலுறையில் அடக்கிக் குதிரைவண்டிகளுக்குப் பூட்டி, 1847இல் லண்டன் நகரப் பூங்காவில் அவர் ஓட்டியும் காட்டினார். ஆனால் அந்நாளில் மெல்லிய ரப்பர் விலையுயர்ந்தது. சைக்கிள் என்னும் வண்டியோ பிறக்கவில்லை. ஆதலின் தாம்சனுடைய புனைவு மறக்கப்பட்டது. அவரும் 1873இல் காலமானார். டன்லப் அதனை அறியாமலே தாமாகக் கண்டார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சட்டம் முன்னவனுக்கே உரிமை தரும். முதலில் கண்டவர் தாம்சன். உலகம் கைக்கொள்ளும்படி செய்தவர் டன்லப். இருவர்க்கும் உரிய பங்கை நாம் பிரித்தறிந்து கொடுத்தல் நேர்மையாகும்.

இனி, டன்லப்பின் முதல் டயரில் ஒரு பெருங்குறை இருந்தது. டியூப் துணியுறையினுள் அடங்கி, அவ்வுறை ரிம்மைச் சுற்றிப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. முள் தைத்து விட்டால் ஒட்டியதையெல்லாம் பிரித்து, ஓட்டையை அடைத்து, மறுபடியும் ஒட்டிக் காயவைக்க வேண்டும். 1889இல் பிரான்சு தேசத்துக் கிளேர்மோன் பெராந் நகரில் ரப்பர்த் தொழிற்சாலை நடத்திய மிஷ்லேன் சகோதரர்களிடம், வழிப்போக்கர் ஒருவர் இத்தகைய டயரைச் செப்பனிடக் கொண்டுவந்தார் என்றும், மூன்று மணி நேரம் உழைத்து ஓரிரவு காயவைத்தும் மறுநாள் அது சிறிது தூரத்திலேயே கெட்டது என்றும் கூறுவர். கழற்றி மாட்டக்கூடிய டயரை அவர்கள் ஆக்க முயன்றதற்கு அதுவே தூண்டுகோலாயிற்று. 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்த் துறைமுகம் வரை சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் அவர்களுடைய டயரைப் பூட்டிய சார்ல் தெரோன் என்பவர் முதல்வராக வந்தார்.

அதற்கு முன்னரே, 1890இல், சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்னும் ஆங்கிலேயர், டயரின் இரண்டு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையத்தைப் பொதிந்து, நடுவே பள்ளமுள்ள ரிம்மில் அமர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே வில்லியம் பார்ட்லெட் என்பவர், டயரின் தடித்த விளிம்பு ரிம்மின் வளைந்த ஓரத்தைக் கவ்விக்கொள்ளும் முறையைக் கண்டார். தன் முதலுரிமையை இழந்த கம்பெனி, இவ்விரண்டு உரிமைகளையும் விலைக்கு வாங்கி நிலைபெற்றது. பஞ்சர் ஆன டியூபை வழியிலேயே கழற்றி வேறொன்று மாட்டுகிறோமே, அவ்வசதி டன்லப் தந்ததன்று. வெல்ச் முதலியோர் தந்தது. உதிரி டியூப் என்னும் பொருளே இவர்களுக்குப் பின் பிறந்ததாகும்.

டியூப் வேறு, டயர் வேறு, ரிம் வேறு என்று பிரிந்தவுடன் புதிய இடர்ப்பாடு ஒன்று தோன்றிற்று. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்துமோ பொருந்தாவோ என்று அறிய அளவு வேண்டும். அவ்வளவைக் குறிப்பதில் உலகம் பெருங்குழப்பம் விளைத்துவிட்டது. அரூரைச் சார்ந்த சித்தேரி மலைப் பக்கம் சைக்கிளில் செல்ல விரும்பும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மலையூர்களுக்கு இடையே சைக்கிள் கடை கூப்பிடு தூரத்தில் இராது. முள்ளும் கூர்ங்கல்லும் உண்டு. பையில் உதிரி டியூப் இருந்தும் அது தம் வண்டிக்குப் பொருந்தாததாயின், பொழுது சாயும் வேளையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதன்றி அவர்க்கு வேறு கதியில்லை. ஆதலின் இக்கணக்கைச் சற்று விரித்துரைப்போம்.

நம் நாட்டில் பெரும்பாலும் வழங்கிய உயரமான கறுப்புச் சைக்கிளின் டயரில் 28 × 1½ என்று எழுதியிருக்கும். 28 அங்குலம் என்பது ரிம்மின் குறுக்களவு என்று பலர் கருதுவர். அஃதன்று. காற்றடைத்த டயரின் வெளிவிளிம்பினது குறுக்களவே 28 அங்குலம். 1½ அங்குலம் டயரின் பருமன். 28 அங்குலமாவது 711 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இருபுறமும் உள்ள பருமன் 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். அதனைக் கழித்தால் 635 மில்லிமீட்டர் நிற்கும். டயரின் கம்பி வளையம் ரிம்மில் அமரும் இடத்தின் குறுக்களவு இதுவே. உண்மையான அளவு இந்த 635 ஆகும். 28 என்பது பெயரளவே.

இதனால் விளைந்த குழப்பம் யாதெனில், வெளியளவு ஒன்றாக இருக்கவும் டயரின் பருமன் வேறுபடுமாயின், ரிம் வேறுபட்டே தீரும். 26 × 1⅜ என்னும் டயருக்கு ரிம் அளவு 590. 26 × 1½ என்பதற்கு 584. 26 × 1¾ என்பதற்கு 571. மலைவண்டிகளில் காணும், தசமப் புள்ளியிட்டு எழுதும் 26 × 1.75 என்பதற்கோ 559. கணக்கு வகுப்பில் 1¾ என்பதும் 1.75 என்பதும் ஒன்றே. சைக்கிள் கடையில் அவை இரண்டாகும்! இருபத்தாறு டயர் ஒன்று தருக என்று மட்டும் கேட்பவருக்கு இந்நான்கில் எது கிடைக்குமோ யார் அறிவார்? 12 மில்லிமீட்டர் வேற்றுமை கண்ணுக்குப் புலப்படாது; ஆனால் நீளாத கம்பி வளையம் அதனைப் பொறாது. சிறிய டயர் பெரிய ரிம்மில் ஏறாது; பெரிய டயர் சிறிய ரிம்மில் ஏறினும் காற்று நிறைந்தவுடன் பிதுங்கி வெளிப்படும்.

பிரெஞ்சுக்காரரும் இவ்வாறே 700 மில்லிமீட்டர் வெளியளவை வைத்துக்கொண்டு, பருமனுக்கேற்ப ஏ, பி, சி என்று எழுத்திட்டனர். அவற்றுள் 700 சி என்பது, ரிம் அளவு 622 உடையதாய், இக்காலத்து விரைவு வண்டிகளில் மிகுதியும் வழங்குகின்றது. இருபத்தொன்பது என்று பெயரிட்டு விற்கும் மலைவண்டியின் ரிம்மும் அதே 622தான். ஆக, பெயர் ஒன்றாகிப் பொருள் வேறாவதும், பெயர் வேறாகிப் பொருள் ஒன்றாவதும் இத்துறையில் இயல்பு.

இக்குழப்பத்தை ஒழிக்க, பின்னாளில் உலகநாடுகளின் தர அமைப்பு ஐ.எஸ்.ஓ. 5775 என்னும் விதியால் தெளிவான முறையை வகுத்தது. அதன்படி டயரின் பக்கத்தில் 40-635 என்பதுபோல் இரண்டு எண்கள் பொறிக்கப்படும். முன்னது டயரின் பருமன், பின்னது ரிம்மில் டயர் அமரும் குறுக்களவு, இரண்டும் மில்லிமீட்டரில். அங்குலக் குறிப்பை நம்பி மயங்குவதை விட்டு, இவ்விரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வதே அறிவுடைமை.

டயர் வாங்குங்கால் பின்னெண் இம்மியும் பிசகலாகாது. டியூபோ நீளும் தன்மையது. ஆதலின் சிறிது இடங்கொடுக்கும். 622, 630, 635 ஆகிய மூன்று ரிம்களுக்கும், பருமன் ஒத்திருப்பின், ஒரே டியூப் பெரும்பாலும் பயன்படும். 584, 590 ஆகியவற்றுக்கும் அவ்வாறே. பருமனில்தான் கருத்து வேண்டும். டியூபின் உறையில் 32 முதல் 47 வரை என்பதுபோல் எல்லை காட்டியிருந்தால், நம் டயரின் முன்னெண் அவ்வெல்லைக்குள் அடங்குகின்றதா என்று நோக்குக. ஒல்லியான டியூபைப் பருத்த டயரில் இட்டால் அது அளவு கடந்து நீண்டு, தோல் மெலிந்து, சிறு முள்ளுக்கும் ஆற்றாதாகும். பருத்த டியூபை ஒல்லியான டயரில் இட்டால் மடிப்பு விழுந்து, அம்மடிப்பிலேயே தேய்ந்து கிழியும்.

மூன்றாவது நோக்கத்தக்கது வால்வு. நம் நாட்டுப் பழைய சைக்கிள்களில் காண்பது, சிறு ரப்பர்க் குழாய் போர்த்த கட்டையுடைய வால்வு. அச்சிறு குழாயை வால் டியூப் என்று கடைக்காரர் வழங்குவர். இவ்வகை வால்வுக்கு டன்லப் வால்வு என்றே பல தேசங்களில் பெயர். ஆயினும் அதனைக் கண்டவர் உட்ஸ் என்பவராதலின் உட்ஸ் வால்வு என்றும் கூறுவர். மோட்டார் வண்டியில் உள்ளது போன்ற தடித்த வால்வு இரண்டாவது வகை. விரைவு வண்டிகளில் காணும் மெல்லிய பிரெஞ்சு வால்வு மூன்றாவது வகை. முதலிரண்டிற்கும் ரிம்மில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர்த் துளை வேண்டும். மூன்றாவதற்கு ஆறரை மில்லிமீட்டர் போதும். சிறுதுளையில் தடித்த வால்வு நுழையாது. பெருந்துளையில் மெல்லிய வால்வு ஆடி, அடியில் கிழிபடும். கையிலுள்ள பம்பும் அவ்வால்வுக்கு இசைந்ததா என்று முன்னரே சோதித்தல் நலம்.

உதிரி டியூபை வாங்கியவுடன் சிறிது காற்றடித்து ஒரு நாள் வைத்துப் பார்த்து, பின்பு காற்றைப் போக்கி, முகப்பவுடர் தூவித் துணியில் சுற்றி வைக்கவேண்டும். வெயிலும் எண்ணெயும் ரப்பருக்குப் பகை. ஒட்டுப் போடும் ரப்பரும் சொலூஷனும் உப்புத்தாளும் உடன் இருக்கட்டும். ஓர் உதிரி டியூப் ஒரு பஞ்சருக்கே உதவும். புது டியூப் மாட்டுமுன் டயரின் உட்புறத்தைக் கைவிரலால் மெல்லத் தடவித் தைத்த முள்ளை நீக்கவேண்டும். முள்ளை விட்டுவிட்டு டியூபை மாற்றுவது, நோயின் காரணத்தை விட்டு மருந்தை மாற்றுவதனை ஒக்கும். காற்றுக் குறைந்த டயரோடு கல்லில் மோதினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, அருகருகே இரண்டு துளை விழும். அதற்கு முள் காரணமன்று. காற்றடிக்கச் சோம்பியதே காரணம்.

சரிதத்துக்குத் திரும்புவோம். கம்பெனி வளர வளர டன்லப்புக்கும் அதற்கும் உள்ள தொடர்பு தளர்ந்தது. 1895இல் அவர் பதவியினின்றும் விலகித் தம் பங்குகளில் பெரும்பாலனவற்றை விற்றுவிட்டார். அடுத்த ஆண்டே எர்னஸ்ட் டெரா ஹூலி என்னும் வணிகர் அக்கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு வாங்கி, 50 லட்சம் பவுன் மூலதனமுள்ளதாகப் புதுப்பித்து விற்றார். அப்பெருந்தொகையில் டன்லப்புக்குப் பங்கில்லை. பெயர் அவருடையது; பொருள் பிறருடையது. அவரோ டப்ளினில் துணி வணிகக் கம்பெனி ஒன்றில் பங்குகொண்டு அமைதியாக வாழ்ந்தார்.

அவர் முற்றத்தில் உருண்ட வட்டு உலகத்தின் தொலைவான மூலைகளில் விளைத்த விளைவுகளை அவர் எதிர்நோக்கியிரார். டயர் பெருகவே ரப்பர் வேட்கை பெருகிற்று. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டை ஆண்ட பெல்ஜிய அரசர் லியோபோல்டின் ஆட்கள், காட்டு ரப்பரைக் கொணரும்படி ஊராரை வருத்திக் கொடுமைகள் இழைத்தனர். பாதிரிமாரும் பிறரும் அவற்றை வெளிப்படுத்தவே, 1908இல் அந்நாடு அரசரின் கையினின்றும் நீக்கப்பட்டது. பிரேசில் நாட்டு ரப்பர் விதைகள் 1876இல் இங்கிலாந்துக்கும், அங்கிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் வந்து, தோட்டங்களாகத் தழைத்தன. டன்லப் கம்பெனியும் 1910 முதல் மலேயாவில் தோட்டங்கள் வாங்கிற்று. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர் பெரும்பாலும் தமிழர். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, வட ஆர்க்காடு, சேலம் ஆகிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளோடு கப்பலேறியவர்கள் அவர்கள். தருமபுரி 1965 வரையில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தே இருந்தது. ஆதலின் டியூபைக் கையில் எடுக்குங்கால், அதனுள் அடங்கியது காற்று மட்டுமன்று, நம்மவர் உழைப்பும் என்று நாம் நினைத்தல் தகும்.

நன்மையும் குறைவன்று. குதிரையும் மோட்டாரும் வாங்க இயலாத எளியோர்க்குச் சைக்கிள் கால்வலிமையைப் பன்மடங்காக்கித் தந்தது. 1936இல் வங்காளத்துச் சாகாகஞ்சில் டன்லப் தொழிற்சாலை எழுந்தது. 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தோன்றிற்று. 1991, 1992ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தார், கலெக்டராயிருந்த ஷீலாராணி சுங்கத் அம்மையாரின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்பித்தனர். கல்லுடைக்கும் மகளிரும் வயல்வேலை செய்யும் மகளிரும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினர். பேருந்துக்குக் காத்திராமல் தாம் வேண்டிய இடத்துக்குத் தாமே சென்றனர். சிறுவன் ஒருவனுடைய சுகத்துக்காகச் செய்த செயல், நூறாண்டு கழித்து நம் நாட்டுத் தாய்மார்க்கு விடுதலையாக வந்து பயன்பட்டது.

டன்லப் 1921ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 23ஆம் தேதி டப்ளினில் தமது எண்பத்தோராம் வயதில் உயிர்நீத்தார். டீன்ஸ்கிரேஞ்சு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். காற்று டயரின் வரலாற்றைக் குறித்து அவர் எழுதிவைத்த நூல், அவர் மறைந்தபின் வெளிவந்தது. அவர் பெயர் தாங்கிய கம்பெனி 1985இல் பிறர் கைக்கு மாறிற்று. வட அயர்லாந்து வங்கி ஒன்று வெளியிட்ட பத்துப் பவுன் நோட்டில் அவருடைய உருவம் பொறிக்கப்பெற்றது.

இச்சரிதத்தால் நாம் அறிவது யாது? பெருங்காரியம் செய்தற்குப் பெரிய கலாசாலையும் பெரும்பொருளும் இன்றியமையாதன அல்ல. அருகிலிருப்பவருடைய துன்பத்தைக் கண்டு இரங்கி, அது நீங்கும் வழியைத் தம் கையாலேயே சோதித்துப் பார்க்கும் மனம் வேண்டும். ஒருவர் காண்பதை மற்றொருவர் திருத்த, வேறொருவர் அளவிட்டு ஒழுங்காக்கவே கருவி முழுமையுறும். தாம்சனும் வெல்ச்சும் பார்ட்லெட்டும் உட்ஸும் பால்மரம் சீவிய தமிழரும் இன்றி டன்லப்பின் பெயர் இத்துணைத் தூரம் உருண்டிராது. பெயரைக் கண்டு மயங்காமல் பொருளை அளந்து அறிதல் வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும். அவ்வறிவு டயரின் பக்கத்திலுள்ள எண்களைப் படிப்பதற்கும் பொருந்தும். மனிதரின் புகழை மதிப்பிடுவதற்கும் பொருந்தும்.